மூன்றாவது இடத்து டிஸ்க்

கம்பெனி சர்வரில் வேறு கம்பெனியின் டிஸ்க்கை, எங்கள் பேச்சில் வெளி டிஸ்க்கை, போட ஐந்து விஷயங்கள் பொருந்தி வர வேண்டும் என்பாள் அவள். பின்பக்க இணைப்பு ஊசிக்கு ஊசி சேர வேண்டும். கொள்ளளவு பழைய டிஸ்க்கைவிடத் துளியும் குறையக் கூடாது. மேலே ஒட்டிய சீட்டில் ஒரே எண் இருந்தாலும் உள்ளே ஒன்று சற்றுச் சிறியதாக இருக்கும், சர்வர் அதைக் கண்டுபிடித்துவிடும். சுழலும் வேகம் மற்ற டிஸ்க்குகளோடு ஒத்துப்போக வேண்டும். சர்வர் 'நீ யார்' என்று கேட்டால் அதற்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது விஷயம் அன்றன்றைக்கு மாறும். ஒரு நாள் கரண்ட் என்பாள், ஒரு நாள் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் டிரே என்பாள், ஒரு நாள் முதலாளியின் முகம் என்பாள்.

இன்றும் எந்த வேலையைத் தொடங்கினாலும் தேவையானவற்றை வரிசையாக எழுதிக்கொள்வது என் பழக்கம். நான்கு வரை தடையில்லாமல் வரும். ஐந்தாவதற்கு வரும்போது பேனா நிற்கும், பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

எங்கள் அலுவலகம் தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருந்தது. பெரிய கம்பெனிகளின் சர்வர்களை விற்பதும் பழுது பார்ப்பதும் வேலை. ஆண்கள் பலர், பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். வீடு தெப்பக்குளத்துப் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவிடம் போனில் அவர்கள் பாஷையில் பேசுவாள். கழற்றிய திருகாணிகளை எண்ணும்போதும் அந்தப் பாஷைதான் வரும். என் வீடு திருப்பரங்குன்றம். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் அவள் என் டிபன் பாக்ஸைத் தானே இழுத்துத் திறந்து, "கருவாடு இல்லையாடி?" என்று ஏமாந்து, இருந்த கத்திரிக்காயை எடுத்துச் சாப்பிட்டாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒருமுறைகூட நினைத்திருக்க மாட்டாள். நான் நிறைய நினைத்திருக்கிறேன்.

வடக்குவெளி வீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மருந்து மொத்த வியாபாரம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்று வட்டாரத்து மருந்துக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அங்கிருந்துதான் போகும். அவர்களுடைய சர்வரில் நான்கு டிஸ்க்குகள். தகவல்கள் நான்கிலும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து, போனதைப் புதிய டிஸ்க்கில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். அப்படி மூன்றாவது டிஸ்க் ஒரு நாள் செத்தது. வாரண்டி முடிந்திருந்தது. கம்பெனி முத்திரை போட்ட டிஸ்க் பல மடங்கு விலை. அதுவும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளி டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள்.

சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து, இரவு ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். காலையில் நான் மாட்டுத்தாவணிக்குப் போய், பூ மூட்டைகள் இறங்குவதற்கு நடுவே நின்று பார்சலை வாங்கி வருவேன். முதலில் வந்தது கொஞ்சம் சிறியது. அடுத்தது சர்வர் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. அவள் அதை மேஜையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறந்து பேசுடா தங்கம்."

"அதுக்குத் தமிழ் தெரியாதுடி" என்றேன்.

"எங்க வீட்டுப் பாஷையிலயும் கேட்டுட்டேன். முழிக்குது."

பிறகு வந்தது பேசியது. செத்த டிஸ்க்கின் டிரேயைக் கழற்றி அதற்கு மாட்டினாள். சர்வர் ஏற்றுக்கொண்டது, ஆனால் மனதில்லாமல். மற்ற மூன்றுக்கும் பச்சை விளக்கு எரிய, மூன்றாவதற்கு மட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தன் கம்பெனி டிஸ்க் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி அது. மருந்துக் கம்பெனி மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, கொள்ளிக்கண்ணு மாதிரி எரியுது?"

"போலீஸ்காரரு லைசென்ஸ் கேக்குற மாதிரிண்ணே. அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு, வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள் அவள்.

வண்டி ஓடியது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆகிப் பரமக்குடிக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டில் நூல் வியாபாரம். வேலையை விடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் சொன்னாள். பரமக்குடியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்கு வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. இதையெல்லாம் நான் விசாரித்து வைத்திருந்தேன். அவளுடைய நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் அதன் மேல் கேபிள் சுருள்களை அடுக்கி வைத்தேன்.

முதலாளியும் பொறுத்துப் பார்த்தார். புரட்டாசி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "விஜயதசமிக்குள்ள அந்தப் பிள்ள வாரேன்னு சொன்னா சந்தோசம். இல்லேன்னா அன்னைக்கு நல்ல நாளு, புது ஆள ஒக்கார வச்சிருவேன். விருதுநகர்ல ஒருத்தர் தயாரா இருக்காரு."

அவள் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. ஆனாலும் போன் செய்யவில்லை. புது மருமகள் இருக்கும் வீட்டுக்குப் போன் செய்து, உங்கள் மருமகளை எங்களிடம் திருப்பி அனுப்புங்கள் என்று யார் கேட்பது? அவளாகப் பேசுவாள் என்று இருந்தேன். நவராத்திரியும் தொடங்கிவிட்டது.

விஜயதசமி அன்று காலையில் மருந்துக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சர்வர் வரவில்லை, திரையில் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்த இடம் என்பதால் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் வாழைக்கன்று, நசுங்கிய பூசணிக்காய். உள்ளே ஏசி அறையில் சர்வர் பளபளவென்று இருந்தது. மேலே மாலை. முகப்பில் நான்கு டிஸ்க்குகளுக்கும் தனித்தனியாகச் சந்தனம், குங்குமம்.

"இம்புட்டுச் சுத்தமா எப்பிடிண்ணே?" என்று கேட்டேன்.

மேனேஜர் பெருமையாகச் சொன்னார். "நேத்து ஆயுத பூசையில்ல? ஆஃப் பண்ணிட்டு நாலையும் உருவி, ஈரத்துணி படாமக் காஞ்ச துணியிலயே தொடச்சு, பொட்டு வச்சு, திருப்பிச் சொருகிட்டேன். அந்தப் பொண்ணு உருவுறதப் பாத்திருக்கேன்ல."

"எந்த எடத்துல இருந்தத எந்த எடத்துல சொருகுனீங்க?"

"எடமா? நாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாத்தானம்மா இருக்கு."

நான்கும் ஒன்றில்லை என்பதை அவருக்குச் சொன்னேன். ஒரு புத்தகத்தை நான்காகக் கிழித்து மாற்றித் தைத்ததுபோல இப்போது இருக்கிறது என்றேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். வெளியே மூன்று வேன்கள் சரக்குக்குக் காத்திருந்தன. எந்த மருந்து எந்த அடுக்கில் இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது, எந்தக் கடைக்கு எது என்பதெல்லாம் அந்த நான்கு டிஸ்க்குகளுக்குள். தகவல்களுக்கு நகலாகப் பேக்கப் டேப் எடுப்பது முந்தின மாதத்தோடு நின்றுபோயிருந்தது.

"ஏதாச்சும் பட்டனை அமுக்குனீங்களா?"

"இல்ல தாயி. இங்கிலீசுல கேட்டுச்சு. எனக்குப் புரியல, கைய எடுத்துட்டேன்."

அந்த மனிதரின் நல்ல நேரம். திரையில் கேட்டிருந்தது இதுதான்: டிஸ்க்குகள் இடம் மாறியிருக்கின்றன, இப்படியே ஏற்றுக்கொள்ளவா? ஆமாம் என்று அமுக்கியிருந்தால் எல்லாம் அழிந்திருக்கும்.

சர்வர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையான குரல் ஒன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எங்கள் பட்டியலில் இல்லாத டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்றது. இருக்கிறது என்றேன். அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது, வணக்கம் என்றது.

சர்வரை அணைத்து, டிரேக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். வெளி டிஸ்க் முதல் இடத்தில் இருந்தது. அதன் உடம்பில் வேறு தயாரிப்பாளரின் சீட்டு. மற்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். என் பயமெல்லாம் வெளி டிஸ்க்கைப் பற்றித்தான். தவறான வரிசையில் அது உள்ளே இருக்கும்போது, சர்வர் அதைப் புதுசு என்று நினைத்து, கேட்காமலேயே அதன் மேல் எழுதத் தொடங்கிவிட்டால்? அது எப்படி நடந்துகொள்ளும் என்று அவளுக்குத்தான் தெரியும். மேஜையில் வைத்து வாரக்கணக்கில் வெளி டிஸ்க்குகளோடு மல்லுக்கட்டியவள் அவள்.

பரமக்குடிக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தார்.

"யாரும்மா பேசுறது?"

மதுரையில் கூட வேலை பார்த்தவள் என்றேன். அவசரம் என்றேன்.

"அவ அங்கனதானம்மா இருக்கா, அம்மா வீட்டுல. கொலு பாக்க அனுப்பி வச்சு நாலஞ்சு நாளாச்சே. ஒங்கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. தெப்பக்குளத்திலிருந்து தல்லாகுளம் ஒரு டவுன் பஸ் தூரம். நான் ரிசீவரை வைத்துவிட்டு, மேனேஜரிடம் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கதவை அவளே திறந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் புதுச் சங்கிலி. என்னைப் பார்த்ததும் முகத்தில் முதலில் வந்தது பயம்.

"சார் அனுப்புனாரா?"

"இல்ல. மருந்துக் கம்பெனி சர்வர். நாலு டிஸ்க்கையும் உருவி ஆயுத பூச போட்டுட்டாரு மேனேஜரு."

பயம் போய்விட்டது. அங்கே வேறொரு முகம் வந்தது. நான் மாதக்கணக்கில் பார்க்காத முகம்.

"உருவுனாரா! எதையும் அமுக்கலைல?"

"அமுக்கல."

"நம்ம டிஸ்க்கு மூணாவது எடம்னுதான் எனக்கு ஞாபகம், அவருக்கும் அப்பிடித்தானா?"

"அத நான் கேக்கலையே."

"வா, போய்க் கேப்போம்."

உள்ளே திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அம்மா நீளமாகப் பதில் சொன்னார். கொலுப்படிக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்து, "போயிட்டு வரட்டும் அத்தை, பாவம் அவசரம்ங்கிறாங்க. நான் மத்தியானம் வந்து கூட்டிக்கிறேன்" என்றார். சாந்தமான முகம். எனக்கும் புரியட்டும் என்று என் முன்னால் தமிழில்தான் பேசினார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கீழவாசல் நெரிசலில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நின்றபோது, "இன்னும் பிரேக்க மாத்தலையாடி நீ" என்றாள், அவ்வளவுதான்.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் கும்பிட்டார். அவள் நேராகக் கேட்டாள்: "அண்ணே, ஆரஞ்சு லைட்டு எங்க எரியும்?"

"அது மறக்குமா? எடதுபக்கத்துல இருந்து மூணாவது. நெதம் காலைல வந்ததும் அதத்தான மொறச்சுப் பாப்பேன்."

"மத்தது?"

"பச்சையா எரியிறத எவன் பாத்தான்?"

அவள் என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை உயர்த்தினாள். பிறகு பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெளி டிஸ்க்கை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள். மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டாள். மீதி மூன்று இடங்களில் மூன்று டிஸ்க்குகளை ஒரு வரிசையில் போட்டு ஆன் செய்தாள். திரை அதே கேள்வியைக் கேட்டது. அணைத்தாள், சுழற்சி நிற்கும்வரை காது வைத்துக் கேட்டாள், இடம் மாற்றினாள். வெளி டிஸ்க் உள்ளே இல்லாததால் எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சர்வரால் கேட்க மட்டும்தான் முடியும். எத்தனை முறை மாற்றினாள் என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, தமிழில் இல்லை.

ஒரு முறை திரை வேறு வாக்கியத்தைச் சொன்னது. மூன்றாவது டிஸ்க்கைக் காணவில்லை, அது இல்லாமலே தொடரவா? அவள் "தொடருங்க சாமி" என்று சொல்லி அமுக்கினாள். பச்சை, பச்சை, காலி, பச்சை. அடுத்த அறையில் பில் போடுகிற பெண் "வந்துருச்சுண்ணே!" என்று கத்தினாள். என் மடியிலிருந்த டிஸ்க்கை வாங்கி, சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது இடத்தில் மெல்ல உள்ளே தள்ளினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"வந்துட்டான்யா கொள்ளிக்கண்ணன்!" என்று மேனேஜர் கைதட்டினார்.

மற்ற மூன்றிலிருந்தும் கணக்கிட்டு மூன்றாவதில் எழுதி முடிக்க மத்தியானத்துக்கு மேல் ஆகும். நாங்கள் ஏசி அறையின் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். குளிருக்கு அவள் முந்தானையை எனக்கும் சேர்த்துப் போர்த்தினாள். டிஸ்க்குகள் சுழலும் ஓசை ஒரே சீராக இருந்தது. அந்த அறையின் குளிரும் இரைச்சலும் சந்தன வாசனையும் இன்றும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன.

"அங்க கடையில ஒரு கம்ப்யூட்டர் இருக்குடி" என்றாள். "பில்லு மட்டும் போடும். நான் பக்கத்துல போனா, ஒனக்கு எதுக்கும்மா கஷ்டம்னு அன்பாத்தான் சொல்றாங்க. திட்டுனா சண்ட போடலாம். அன்பா சொன்னா என்ன பண்ண?"

"அதுக்குத்தான் வந்தும் சொல்லலையா?"

ஆரஞ்சு விளக்கைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ஆபீசுக்கு வந்தா சார் கேப்பாரு. எப்பம்மா வேலைக்கு வாரேன்னு. அவரு கேட்டா நான் வீட்டுல கேக்கணும். கேட்டா, வேணாம்பாங்க. இப்ப வரைக்கும் யாரும் வேணாம்னு சொல்லலைல? நான் கேக்காததுனால சொல்லல. தெனமும் காலைல அந்த ரயில் சத்தம் கேக்கும்டி. நாளைக்குப் போனாலும் போவோம்னு நெனச்சுக்கிட்டே காப்பி போடுவேன். அது எனக்கு வேணும்."

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் கதவைத் திறந்து, எனக்குப் போன் என்றார். முதலாளி.

"அந்தப் பிள்ள வந்திருக்காமே, மேனேஜரு சொன்னாரு. கேட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"நான் வாரேன் அங்க. வீட்டுக்காரரு கூப்பிட வருவாருல்ல? அவருட்டயே நேராக் கேட்டுருவோம். நல்ல நாளு பாரு."

"தை வரைக்கும் பொறுக்கலாமா சார்?"

"எம்புட்டு நாளும்மா பொறுக்க? நீயும்தான் ரெண்டாள் வேலை பாக்குற. அந்த விருதுநகர்க்காரரு சாயங்காலம் வாரேன்னு ஒக்காந்திருக்காரு. ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து கேட்பார். அவள் கணவர் சங்கடமாகச் சிரிப்பார். வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்பார். அதன் பிறகு பரமக்குடியில் காலையில் போகும் ரயில் வெறும் ரயிலாகிவிடும்.

"அவ வரமாட்டா சார்" என்றேன். "அவர ஒக்கார வச்சிருங்க."

"அதுவே சொல்லுச்சா?"

"நான் சொல்றேன் சார்."

"சரி. அங்க முடிச்சிட்டு வீட்டுக்குப் போ, இன்னைக்கு ஆபீசுக்கு வர வேணாம்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். "சாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்ன கேட்டாரு?" என்றபோது குரல் தணிந்திருந்தது.

"சர்வர் வந்துருச்சான்னு கேட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கல."

முந்தானையை மறுபடி என் மேல் இழுத்துப் போட்டாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கணவர் சொன்னபடி மத்தியானம் வந்தார். மேனேஜர் அவருக்குக் காப்பி வரவழைத்து, அவர் மனைவியைப் புகழ்ந்து தள்ளினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, படியில் இறங்கும்போது அவளிடம் மெல்லக் கேட்டார்: "ஆபீசுல திரும்ப வரச் சொல்லிக் கேட்டாங்களா?"

"இல்ல. கேக்கல."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ'வில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். ஏறும்போது என் கையைப் பிடித்து, "பிரேக்க மாத்து" என்றாள்.

நான் மேலே போய், மூன்றாவது டிஸ்க் எழுதி முடிக்கும்வரை இருந்தேன். வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சாயங்காலம் புறப்படும்போது மேனேஜர் பொரி, கடலை, வெல்லம் கட்டிய இரண்டு பொட்டலங்களை நீட்டினார்.

"இந்தா தாயி, பூசப் பிரசாதம். ஒனக்கு ஒண்ணு, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு. நாளைக்கு ஆபீசுல பாப்பேல்ல, குடுத்துரு."

சரிண்ணே என்று இரண்டையும் வாங்கிக்கொண்டேன். வண்டிக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்கு வந்தேன். எதுக்கு ரெண்டு என்று அம்மா கேட்டாள். கொடுத்தார்கள் என்றேன்.